ஷட்டர் போட்ட வீடு

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் உங்கள் முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரப்போவதாகச் சொல்கிறாள். நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். மகனோ பழைய மூன்று மாடித் துணிக்கடை ஒன்றை வாங்கி, வீடாக மாற்றிக் குடியேறி, "வாங்கப்பா, எல்லாரும் ஒண்ணா இருப்போம்" என்கிறான். இவளோ, "கடையில போய் யாராவது குடித்தனம் பண்ணுவாங்களா? வாசக்கதவு கிடையாது, ஷட்டர்! காலைல எந்திரிச்சா வீடு திறக்கிறதா, கடை திறக்கிறதா?" என்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே மறுக்கிறாள். நீங்கள் ஒரு நடை வந்து, இரண்டு நாள் தங்கி, நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

மச்சான், நான் போய் ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அசந்துபோனேன். உள்ளே நுழைந்தால் நடுவே மூன்று மாடிக்கும் திறந்த வெளி. உச்சியில் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறான், வெயில் நேராகத் தரைவரை இறங்குகிறது, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றதில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பில் போடும் மேஜை இப்போது சமையல் மேடை. துணி போட்டுப் பார்க்கும் அறைகளின் தடுப்பை இடித்து ஒரே குளியலறை ஆக்கிவிட்டான். கண்ணாடிகளை மட்டும் எடுக்கவில்லை, பல் தேய்க்கப் போனவன் என் பின்மண்டையை முதல்முறையாகப் பார்த்தேன், அங்கே இவ்வளவு நிலம் காலியாகக் கிடப்பதை இத்தனை வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லையே! பொம்மைகள் நின்ற கண்ணாடிக் கூண்டில் எனக்கொரு நாற்காலி. பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்து, "ஐயா, பனியன் எங்க?" என்றார். எதிர்ச் சுவரில் அழியாமல் இருந்த பழைய எழுத்தைப் பார்த்து, "உள்ளாடை ரெண்டாவது மாடி" என்று வாசித்துத் தொலைத்தேன். மனிதர் விறுவிறுவென்று ஏறிப்போய், மருமகள் கொடியில் காயப்போட்டிருந்த என் மகனின் பனியனை இழுத்துப் பார்த்து, "இது வெளுத்திருக்கே, வேற காட்டுங்க" என்றாராம். மருமகள் சிரித்த சிரிப்பு கீழே எனக்குக் கேட்டது.

ஒரு ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியாத பிள்ளை மச்சான் அவன்! அவனா இதைச் செய்தான் என்று பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னடா இவ்வளவு தூசி" என்று சமாளித்தேன்.

ஆகவே தாமதிக்காமல் கிளம்பி வாருங்கள். எல்லாரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொல்லைக் கேட்காவிட்டாலும் என்றும் மதிக்கும்,
தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காரியம் தலைகீழாகிவிட்டது. மகனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று போன உங்கள் தங்கை திரும்பவேயில்லை. தேடிப் போனேன். கண்ணாடிக் கூரைக்குக் கீழே அண்ணாந்து நின்றிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது? அண்ணன் அங்க தனியா எத்தனை நாளைக்குத்தான் பொங்கித் தின்பாரு? வரச் சொல்லுங்க" என்றாள். எனவே சமாதானம் பேச வர வேண்டாம். இரண்டு நாள் துணியோடும் வர வேண்டாம். மொத்தமாக வந்துவிடுங்கள். எனக்கென்று நான் கண் வைத்திருந்த கீழ்த்தள அறையை உங்களுக்காகக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வாளி தூக்குகிறவன் நான்.