நத்தைக்குத் தலைதீபாவளி

புது மாப்பிள்ளையைப் போல உபயோகமற்ற ஜந்து உலகத்தில் வேறு கிடையாது. தின்பான், தூங்குவான், எழுந்து மறுபடி தின்பான். நடுவில் ஏதாவது செய்து நல்ல பேர் வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், அந்த வீட்டைத் தெய்வம்தான் காப்பாற்ற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மாமனார் வீட்டுப் பக்கம் அன்றைக்குத் தெய்வம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் தலைதீபாவளிக்கு ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னதாகவே போய் இறங்கிவிட்டேன். (பலகாரத்துக்காகத்தான் என்று என் தங்கை ஊரெல்லாம் சொன்னாள். பாதி உண்மை.) மீதிப் பாதி செண்பகம். கல்யாணமாகியும் அவள் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருந்தாள். தீபாவளி முடிந்த கையோடு அவளை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கோ ஒரே பெண். 'பார்க்கலாம்' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மாமா நெல் வியாபாரி. எங்கள் ஊரில் கௌரவமான மனிதர்கள் வேட்டை நாய் வளர்ப்பார்கள். இவர் நத்தை வளர்த்தார். மூல வியாதிக்கு நத்தைக் கறி தின்னச் சொல்லி யாரோ வைத்தியர் சொல்ல, வத்திராயிருப்பு வயலிலிருந்து ஒரு கூடை நத்தை வரவழைத்திருக்கிறார். சட்டியில் போடப்போகும் நேரத்தில் ஒன்று கொம்பை நீட்டி அவரைப் பார்த்ததாம். அவ்வளவுதான். வியாதி இருந்த இடத்திலேயே இருக்க, நத்தைகள் கொல்லையில் இருந்த கல்தொட்டிக்குக் குடிவந்துவிட்டன. இருப்பதில் பெரியதற்கு 'ஜமீன்தார்' என்று பேர்.

நான் போன மறுநாளே வத்திராயிருப்பில் மழைத்தண்ணீர் களத்துக்குள் புகுந்துவிட்டதாக ஆள் வந்தது. மாமா கிளம்பும்போது என்னைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

"மாப்ள, தின்னு மிஞ்சுன கீரைய அன்னன்னைக்கே எடுத்துரணும். தண்ணி வாடையடிக்கப்புடாது. இந்த வாயில்லாச் சீவனுகள நீங்க வச்சுக்கிடுத லச்சணத்தப் பாத்துட்டுத்தான், எம்பொண்ண அனுப்புததா வேண்டாமான்னு சொல்லுவேன்."

இதைவிடச் சுலபமான பரீட்சை உண்டா என்று நினைத்தேன். (மெட்ரிகுலேஷன் பரீட்சையையும் அப்படி நினைத்துத்தான் தோற்றேன்.)

அன்று சாயங்காலம் தண்ணீர் மாற்றலாம் என்று கிணற்றடியில் வாளியை எடுத்தேன். அத்தை பாய்ந்து வந்து பிடுங்கினார். "ஐயையோ, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை தண்ணி இறைக்கதாவது! பாக்குதவுக காறித் துப்பிருவாக."

"அப்போ நீங்களே கழுவிருங்க அத்தை."

"நானா? அந்தக் கருமத்த நான் தொடமாட்டேன்."

ஆக, தொடத் தயாராயிருந்தவன் தொடக்கூடாது, தொடக்கூடியவர் தொடமாட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வேலை மிச்சம் என்று திண்டில் சாய்ந்துவிட்டேன். ஆனால் கீரை போடுவதை மட்டும் விடவில்லை. அத்தை எனக்கு அதிரசம் பரிமாறியதைப் போல, போதும் என்று சொல்லத் தெரியாத அந்த ஜீவன்களுக்கு நான் கட்டுக்கட்டாய்க் கீரை பரிமாறினேன். பழைய கீரை அடியில் அழுகிக் கூழானது. தண்ணீர் கறுத்தது. கொசு மொய்த்தது. நத்தைகள் தண்ணீரைவிட்டு ஏறித் தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டன. ஜமீன்தார் பாதி உடம்பை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு, தொட்டால்கூட உள்ளே இழுக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "நாளைக்கு அப்பா வாராக. இந்த நாத்தம் தெருமுனையிலேயே அவுகள வரவேற்கும்."

அன்று ராத்திரி பூராவும் என்ன செய்யலாம் என்று பாயில் புரண்டு புரண்டு யோசித்தேன்.

மறுநாள் விடிகாலையில் எனக்குத் தலைநிறைய நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார்கள். உடம்பு லேசானது, மூளையும் கூடவே லேசாகிவிட்டது போலிருக்கிறது. மாப்பிள்ளைக்கு நல்லது நத்தைக்கு மட்டும் கெட்டதா? நல்ல நாளில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எந்தப் பீடையும் விலகிவிடாதா? மிச்சமிருந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அழுகலை வாரிக் கொட்டினேன். தொட்டியின் உள்பக்கம் பூராவும் சுண்ணாம்பு அடித்தேன். நத்தைகளை வரிசையாக உட்கார்த்தி எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். (வெந்நீர் வேண்டாம் என்று எப்படியோ தோன்றியது. அன்று என் மூளை செய்த ஒரே வேலை அது.)

நத்தைகள் நுரை கக்கின. சீயக்காய் நுரை எது, நத்தை நுரை எது என்று தெரியாமல் கல்லெல்லாம் பொங்கி வழிந்தது. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போய் மூடியைச் சாத்திக்கொண்டன. நான் ஜமீன்தாரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் மாமாவின் இருமல் கேட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். புது வேட்டியோடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கிணற்றுத் தண்ணீரில் அலசி, ஈர மண் போட்ட மண்பானையில் வைத்தார். "எம்பிள்ளைகளா" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. இலை போட்டாகிவிட்டது, யாரும் சாப்பிடப் போகவில்லை. தீபாவளியும் அதுவுமாக மொத்தக் குடும்பமும் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

வெயில் ஏறிய பிறகு சின்ன நத்தை ஒன்று மூடியைத் திறந்தது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் ஜமீன்தாரும் கொம்பை நீட்டினார், என் பக்கம் பார்த்தார், மறுபடி உள்ளே போய்விட்டார்.

"பாத்தேல்ல?" என்று மாமா மகளிடம் சொன்னார். "நாறவும் போட்டு, பொறவு எண்ணெயும் தேச்சிருக்காரு. இவருகூட உன்ன எப்படி அனுப்ப?"

செண்பகம் எழுந்து நின்றாள். "அப்பா, அதுகளுக்கு வாயில்ல, பாவம். எனக்கு இருக்கு. நாறுச்சுன்னா கழுவச் சொல்லுவேன். சுண்ணாம்புச் சட்டியத் தூக்கிட்டு வந்தாவன்னா அதப் புடுங்கி அவுக தலையிலயே கவுத்துருவேன்."

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அந்த வாரமே மாமா செண்பகத்தை என்னோடு அனுப்பிவைத்தார். அவள் சொன்ன சொல் தவறவில்லை. சுண்ணாம்பு விஷயத்தில் ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறாள்.

இப்போது எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று நான் துடைப்பத்தை எடுத்தால் போதும், எல்லாரும் ஒவ்வொருவராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் பேத்தியின் இரண்டு விரல்கள் மட்டும் கொம்பு போல வெளியே நீளும்.

"தாத்தா, எண்ணெய்ச் சட்டியக் கீழ வச்சிட்டியளா?"