மேலாளரின் மாசற்ற இதயம்

மனித இதயத்துக்கு இதுவரை கிடைத்த மரியாதைகளில் தலையாயது, ஒரு குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிடைத்தது. அன்றுதான் அங்கே ‘இதயம் காப்போம்’ இயக்கம் தொடங்கியது. ஊழியர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஊழியர் ரத்தத்தை உறிஞ்சுவதில் நெடிய அனுபவமுள்ள அலுவலகம்தான். ஊசி போட்டு எடுத்தது அதுவே முதல் தடவை.

மீட்டர்காரர் நொண்டிக்கொண்டே வந்தார். முந்தின நாள்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருந்தார். அலுவலகத்தின் பெயர் போட்ட பனியனோடு யாராவது ஓடியாக வேண்டும் என்று அவரைப் பிடித்துத் தள்ளியவர் மேலாளர். தம் பங்குக்கு அவர் கொடியசைத்தார். அசைத்த கைக்கு மாலைவரை தைலம் தடவினார்கள் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. இதயத் தசை நொந்தால் அதிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின், மீட்டர்காரருக்கு இருக்க வேண்டியதைவிட நாலு மடங்கு. நலக் குழு அவசரமாகக் கூடியது.

“மெதுவா உட்காருங்க” என்றார் மேலாளர். “மூச்சு விடலாம். அதிகமா வேண்டாம்.”

“எனக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்லைங்க சார். தொடைதான் வலிக்குது.”

“தொடை நம்ம திட்டத்துல வரல.”

பதினெட்டு வருடம் தெருத் தெருவாக நடந்த மனிதரைப் பழைய கோப்பு அறையில், காலவரையற்ற ‘இதய ஓய்வில்’ வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஜன்னலில்லாத அறை. மத்தியானத்துக்குள் அவருக்குக் கால் நமநமவென்று அரிக்க ஆரம்பித்தது.

அன்று மாலையே மனைவி அவரை இதய மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மருத்துவர் ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, “ரத்தம் எப்ப எடுத்தாங்க?” என்றார்.

“ஓடின மறுநாள் காலையில.”

“அவ்வளவு தூரம் ஓடினா நிறைய பேருக்கு இது ஏறும். ரெண்டு மூணு நாள்ல தானா இறங்கிடும். வலி கிலி இருந்தா வேற கதை. எதுக்கும் நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம்.”

வியாழக்கிழமை முடிவு வந்தது. எல்லாம் சரி. மீட்டர்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் மேலாளரிடம் நீட்டினார்.

“இதை வாங்கிக்கக் குழு இல்லையே. கலைஞ்சுடுச்சு. அடுத்த வருஷம் கூடும்.”

“அதுவரைக்கும்?”

“ரெக்கார்டுபடி நீங்க நோயாளி.”

“சார், தயவு பண்ணுங்க. அந்த அறையில உட்கார்ந்தாத்தான் எனக்கு நெஞ்சை அடைக்குது.”

“நாங்களும் அதைத்தானே சொல்றோம்.”

அரைமணி நேரம் கெஞ்சினார். மேலாளர் இதய நலம் கருதிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, குடும்பத்தினர் முன்னிலையில் ‘மாசற்ற இதயம்’ கேடயம் வழங்கப்பட்டது. அதற்கென்று புதிதாகக் கூடிய குழு, ஓட்டம் ஆட்டம் எதனாலும் களங்கப்படாத மேலாளரின் இதயத்தையே ஒரு மனதாகத் தேர்ந்திருந்தது. எழுந்தால் ட்ரோபோனின் அளவு ஏறிவிடப் போகிறதே என்று கேடயம் நாற்காலிக்கே போயிற்று. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“என்னங்க சொல்றாங்க?” என்று மீட்டர்காரரிடம் அவர் மனைவி கேட்டாள்.

“அவர் நெஞ்சு துளிகூடக் கசியலையாம். பரிசோதனையில தெரிஞ்சுதாம்.”

“அதுக்கு எதுக்குங்க ரத்தம் எடுத்தாங்க? நேத்து நீங்க அவ்வளவு கெஞ்சினப்பவே தெரிஞ்சுபோச்சே.”