செத்த நட்சத்திரமும் ஒரு பை அரிசி மாவும்

நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட நான், துப்பாக்கி பிடித்த ஆறு பேருக்கு வானசாஸ்திரம் நடத்தியிருக்கிறேன். (வெட்கம்தான். ஆனால் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கமாட்டேன்.)

சண்டைக் காலம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு இறங்கிப்போய், அங்கே வானசாஸ்திரம் நடத்திய யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவுக்கு ஒரு பழக்கம். எந்தப் பேச்சையும் முதலில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். "உமக்கு விளங்கினா ஆருக்கும் விளங்கும்." அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைவிட என்ன பட்டம்?

அந்த முறை, வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரம்.

"சாக முன்னம் அது தன்ர மேலில இருந்து காத்தை ஊதித் தள்ளும். வெடிச்ச வேகம் அந்தக் காத்தில போய் மோதேக்கதான் ரேடியோ அலை வரும். பலமா, கனநாள் வந்தா ஊதிப் பருத்த சிவப்பு நட்சத்திரம். மெல்லிசா வந்து கெதியா அடங்கினா, சின்ன நீலம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க ஐயா. செத்தது எப்படி வாழ்ந்துச்சுன்னு ரேடியோ கோள் சொல்லுது."

பேச வேண்டிய அன்று, படத்தாள்களை மேசையிலேயே விட்டுப் போய்விட்டார். மில்லில் அரிசி மா அரைத்து வந்த நான், மாப் பையோடு தாள்களையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் சோதனைச் சாவடி.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்ட்.

என் சமையலறைச் சிங்களத்தில் உண்மையைச் சொன்னேன். "வெடித்தது, மாத்தையா. ரேடியோவில் தெரிந்தது. எங்கள் ஐயா கணக்குப் போட்டார்."

ஆறு துப்பாக்கியும் திரும்பின. பையைத் திறந்தால் வெள்ளைத் தூள்!

"எங்கே வெடித்தது?"

"ரொம்பத் தூரம்."

"யார் வைத்தது?"

"தானாகத்தான்."

"ட்ரக்கில் ஏறு!"

அந்த நாளில் ஏறியவர்கள் இறங்கிய கதை குறைவு. பயம் முற்றி எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏறமாட்டேன். வெடித்துச் செத்தது வானத்து நட்சத்திரம். பாருங்கள்!" மேசையில் ஒரு பக்கம் மாவை லேசாகத் தூவி, ஓங்கி அடித்தேன். கொஞ்சம் புகை. "இது நீலம்." மறுபக்கம் குவித்து அடித்தேன். சார்ஜன்ட்டின் மீசை, தொப்பி, பதிவுப் புத்தகம் எல்லாம் வெள்ளை. "இது சிவப்பு!"

யாரோ ஒரு சிப்பாய் சிரித்தான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றி, ஐயா பேசும் மண்டபத்துக்கே நேரே கொண்டுபோனார். மேடையில் வெறுங்கையோடு வேர்த்து நின்ற ஐயா எங்களைக் கண்டதும் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"செத்தது நீலமா, சிவப்பா? இரண்டு பேரும் ஒன்றைச் சொன்னால் விடுகிறேன். முதலில் இவள்."

சபை முழுக்கப் பெரிய படிப்புக்காரர்கள். நான் குனியவில்லை. "படத்தில் அலை சின்னது, மாத்தையா. அதனால் நீலம்!"

"நீலம், நீலம்!" என்று ஐயா கத்தினார்.

சார்ஜன்ட் மீசையைத் துடைத்துக்கொண்டு தாள்களைக் கொடுத்தார். (மாவைத் தரவில்லை. அன்று பிட்டு இல்லை.)

இன்றைக்கும் என் மருமகன் கத்திக் கதவை அறைந்தால், மகள் கண்ணடித்துக் கேட்பாள், "அம்மா, நீலமா, செவப்பா?"

"செவப்புடி. ஒரு மாசமாவே புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கிட்டே இருந்திருக்காரு. நீதான் கவனிக்கல."

இதுவரை நான் பிழையாகச் சொன்னதில்லை.