ஒன்பது கோட்டிங் ராக்கெட்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்ப்பதற்கு நம்மைப் போலவே இருப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் தேடுவார்கள், தலைவலி வந்தால் மாத்திரை போடுவார்கள், செருப்பைக் கதவுக்கு வெளியே ஒழுங்காகக் கழற்றி வைப்பார்கள். ஆனால் காலியான அட்டைக் குழாய் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். குப்பையில் போட மாட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அதற்குள்ளே எட்டிப் பார்ப்பார்கள். விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "நல்ல குழாய்" என்பார்கள். போதும், ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இவர்தான் வீட்டு ராக்கெட்காரர்.

தன் கையாலேயே ராக்கெட் செய்து, தன் விரலாலேயே பட்டனை அழுத்தி, அது போகிற லட்சணத்தைத் தன் கண்ணாலேயே பார்த்து மனம் உடைந்து வீடு திரும்புகிற இந்த இனத்துக்கென்று தனி மொழி உண்டு. "ராக்கெட் விடப் போறீங்களாமே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிடாதீர்கள். "விடுறதுக்கு அது என்ன பட்டமா? ஏவுறோம்" என்பார். ஏவப் போவது அவர் ஒருத்தர்தான், இருந்தாலும் "ஏவுறோம்". வீட்டுக்குப் போனால் டீ வருவதற்கு முன்னால் ராக்கெட் வரும். "பிடிச்சுப் பாருங்க" என்று உங்களிடம் நீட்டுவார். நீங்கள் பிடிப்பீர்கள். "அங்க பிடிக்காதீங்க" என்று அடுத்த நொடியே பிடுங்கிக்கொள்வார். எங்கே பிடிக்க வேண்டும் என்று இதுவரை எந்த விருந்தாளிக்கும் தெரிந்ததில்லை.

நம் ஆள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடுகளவு திருகாணியைக் கடுகளவு ஓட்டையில் போட்டுத் திருகுவதே அவருடைய பிழைப்பு. வந்தவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, இடது பக்கம் அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கழற்றி, வளைத்து, மறுபடி மாட்டி, இப்போது வலது பக்கம் இறங்கியிருக்கிறது என்று மறுபடி கழற்றி, கடைசியில் வந்தவரே "மூக்குதான் கோணலா இருக்கு, விட்டுடுங்க" என்று கெஞ்சும்வரை விடமாட்டார். இப்படிப்பட்டவர் ராக்கெட் செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும்?

சாப்பாட்டு மேசை போகும்.

"ஒரு வாரம் இந்த டேபிள் எனக்கு வேணும்" என்று அவர் மனைவியிடம் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. மேசையின் ஒரு கோடியில் பசை காய்ந்துகொண்டிருந்தது, மறு கோடியில் ராக்கெட்டின் வாலில் ஒட்டும் துடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன, நடுவில் யாரும் மூச்சு விடக் கூடாது. மகள் தட்டோடு போய் வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டாள். மனைவி சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வரும் அவளுடைய தம்பிக்கு மட்டும் மரியாதையாக இஸ்திரிப் பலகையை விரித்துப் போட்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எவ்வளவு கனம் எதன் மேல் வைக்கலாம் என்று தெரிந்தவன் என்பதால், பலகையில் கைகூட ஊன்றாமல் பயந்து பயந்து சாப்பிட்டான்.

ஏழாவது மாதம் கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "இது நல்லபடியா போயிடுச்சுன்னா டேபிளைக் காலி பண்ணிடறேன்" என்றார் அவர். "போகலைன்னா?" என்றாள். "போகலைன்னா ஏன் போகலைன்னு கண்டுபிடிச்சு இன்னொண்ணு செஞ்சுதான் ஆகணும்." அதாவது, இன்னும் ஏழு மாதம். அன்றிலிருந்து அந்த ராக்கெட் வானத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டும் என்று அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் அவர் மனைவிதான்.

இனி பெயிண்ட். இந்த இனத்தின் முழு சுபாவமும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதுதான் வெளியே வரும். நம் கண்ணாடிக்காரர் முதலில் வெள்ளை அடித்தார். காய்ந்ததும் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு கொசுவின் கால் ஒட்டியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடி அடித்தார். இப்போது தூசி. தேய்த்தார், அடித்தார். அப்புறம் லேசாக ஓர் அலை தெரிந்தது. அலை யாருக்குத் தெரிந்தது? அவருக்குத்தான். அதற்குப் பட்டி பூசி, தேய்த்து, அடித்து, சிவப்புக் கோடு போட்டு, கோடு கலையாமல் இருக்க வார்னிஷ் போட்டு, வார்னிஷ் பளபளக்க இன்னொரு வார்னிஷ் போட்டு, எண்ணிப் பார்த்தால் ஒன்பது கோட்டிங். "தொட்டா வழுக்கணும், அப்பதான் காத்து வழுக்கிட்டுப் போகும்" என்றார். தொட்டுப் பார்க்க மட்டும் யாரையும் விடவில்லை.

மனைவி பார்சல் கவுண்ட்டரில் வேலை செய்கிறவள். இருபது வருடமாக மற்றவர்கள் அனுப்பும் பொட்டலங்களைத் தூக்கித் தூக்கித் தராசில் வைத்ததில் அவள் கையே தராசாகிவிட்டது. ஏவுவதற்கு முந்தின நாள் மாலை மேசையைத் துடைப்பதற்காக ராக்கெட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, கனமா இருக்கே. முந்நூத்தி நாப்பது கிராம் இருக்கும் போலிருக்கே."

"நூத்தி தொண்ணூறு. நோட்டுல எழுதியிருக்கேன், பாரு. அங்க பிடிக்காதே."

"எப்ப எடை போட்டீங்க?"

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி."

"ஏன், பெயிண்ட்டுக்கு எடை கிடையாதா?"

அவர் சிரித்தார். நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் எழுதாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. நோட்டின்படி ராக்கெட் நூற்றிருபது மீட்டர் ஏறும். உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கும்போது, உள்ளே இருக்கும் சிட்டிகை வெடிமருந்து பட்டென்று வெடித்து மூக்கைத் தள்ளிவிடும், பாராசூட் விரியும், ராக்கெட் ஆடி அசைந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் விநாடிக் கணக்கு இருந்தது. எடை போட்ட பிறகு ஒன்பது கோட்டிங் அடித்தால் அந்த நோட்டை என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றினால் அவர் ஏன் இந்த இனத்தில் இருக்கிறார்?

ஞாயிறு காலை மைதானம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். மகள் ஒரு கையில் போனைப் பிடித்துப் படமெடுத்தபடி பத்திலிருந்து எண்ணினாள். ஆறில் நிறுத்தச் சொன்னார், காற்று திசை மாறிவிட்டதாம். விரலை நாக்கில் தொட்டு மேலே நீட்டினார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேரும் என்னவோ ஏதோ என்று விரலை நனைத்து நீட்டினார்கள். மறுபடி பத்து. இந்தத் தடவை நாலில் நிறுத்தினார், சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது தடவை மகள் நிற்கவே இல்லை. ஒன்று என்றாள், அழுத்தினார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். புகை. வெள்ளை உடம்பும் சிவப்புக் கோடுமாக ராக்கெட் தன்னைத் தாங்கி நின்ற கம்பியை விட்டுக் கிளம்பியது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. கிளம்பிய மாதிரியே கொஞ்ச தூரம் போனது. அப்புறம் யோசித்தது. மாடிப்படி ஏறுகிற பெரியவர்கள் நடுவில் நின்று இடுப்பில் கை வைப்பார்களே, அப்படி ஒரு நிறுத்தம். பிறகு கவுரவமாகத் தலையைக் கவிழ்த்து, நேராக இறங்கி, மூக்கை ஈர மண்ணில் சொருகிக்கொண்டு தலைகீழாக நின்றுவிட்டது.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. நோட்டில் குறித்திருந்த நேரம் தவறாமல் உள்ளே மருந்து பட்டென்று வெடித்தது. மூக்கு மண்ணிலேயே இருக்க, உடம்பு மட்டும் துள்ளி முழங்கால் உயரத்துக்கு எகிறி, பாராசூட்டைக் கக்கி, அதையே போர்த்திக்கொண்டு பக்கத்தில் படுத்தது.

மைதானமே கை தட்டியது. சும்மா இல்லை, விசிலோடு. ஒரே ராக்கெட் இரண்டு தடவை கிளம்பி அவர்கள் பார்த்ததில்லை. மகள் சிரித்த சிரிப்பில் படத்தில் பாதிக்கு மேல் வானமும் தரையும் மாறி மாறித்தான் தெரிகிறது. ஒரு தொப்பிக்காரர் ஓடிவந்து கை குலுக்கி, "அந்தக் கடைசி குதி பிரமாதம் சார். இன்னொரு தடவை விடுங்களேன்" என்றார். விடுங்களாம். கண்ணாடிக்காரர் கையை உருவிக்கொண்டார்.

"மாப்ளே, எவ்வளவு உயரம் போயிருக்கும்?" என்று கூட வந்திருந்த மைத்துனனிடம் கேட்டார். ஒரு நூறாவது சொல்ல மாட்டானா என்று அவருக்கு நப்பாசை.

லிஃப்ட் மெக்கானிக்குக் கண்ணளவு தப்பாது. "மூணு மாடி மாமா" என்றான். முகத்தைப் பார்த்துவிட்டு, "மொட்டை மாடியும் சேத்து" என்று சேர்த்துக்கொண்டான்.

நூற்றிருபது மீட்டர், அதாவது நாற்பது மாடிக்குச் செய்த ராக்கெட்.

மனைவி விடவில்லை. "ரொம்ப நல்லா போச்சுங்க" என்றாள் வீடு திரும்பும் வழி முழுக்க. "நெருப்பு வந்துச்சு, மேல போச்சு, கீழ வந்துச்சு, பாராசூட் விரிஞ்சுது. எல்லாமே வந்துடுச்சே."

"வரிசை மாறிடுச்சு."

"வரிசையை யாரு பாத்தா? எல்லாரும் கை தட்டுனாங்கல்ல?"

ஏன் போகவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரே மேசையைக் காலி செய்தார். பசை, துடுப்பு, நோட்டு, ராக்கெட் எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. ஏழு மாசம் வீணாப் போச்சு" என்றார். இன்னொன்று செய்யப் போவதாகச் சொல்லவே இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாவது வழி இது. மனைவி கேட்டதற்கு மேலேயே ஜெயித்துவிட்டாள்.

மூன்று நாள் குடும்பமே மேசையில் சாப்பிட்டது. ஆகா, முழங்கை ஊன்ற ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய சுகம். ஆனால் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். மகள் போட்டுக் காட்டிய படத்தைப் பார்த்து ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, அவர் மட்டும் அது மண்ணில் தலைகீழாக நின்ற மூன்று விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கடையில் ஒருத்தர் எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவில்லை என்றதற்கு, "தெரிஞ்சு என்ன ஆகப் போகுது" என்றாராம். இன்னொருத்தருடைய கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியே இருந்ததாம், அப்படியே போகவிட்டுவிட்டாராம்.

புதன்கிழமை மாலை. மேசை திரும்பக் கிடைத்த செய்தி கேட்டு மைத்துனனும் வந்திருந்தான், இரண்டு கையையும் தாராளமாக ஊன்றி உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கம் மேசையைப் பார்த்தாள், அந்தப் பக்கம் அவரைப் பார்த்தாள். அவளுக்கு மேசை வேண்டும்தான். ஆனால் இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் எதிரே உட்காருகிற மேசை வேண்டாம்.

"பெயிண்ட்டுங்க" என்றாள்.

"என்ன பெயிண்ட்?"

"ஒன்பது கோட்டிங். முந்நூத்தி நாப்பது கிராம். நோட்டுல இருக்கிறது பெயிண்ட் இல்லாத ராக்கெட்டோட எடை. நீங்க ஏவுனது வேற."

அக்கா, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்பது போல் தம்பி அவளைப் பார்த்தான். அதற்குள் பரணில் இருந்த பெட்டி இறங்கிவிட்டது, சமையலறைத் தராசு வந்துவிட்டது. முந்நூற்று நாற்பத்திரண்டு.

அவர் தராசையே பார்த்தார். மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த முகம் மெல்லத் திறந்தது.

"அப்ப என் கணக்கு தப்பில்லை?"

"தப்பில்லை."

"துடுப்பும் தப்பில்லை?"

"இல்லைங்க."

"எடை மட்டும் சரியா இருந்திருந்தா நாப்பது மாடி போயிருக்கும்." எழுந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், எச்சில் கையோடு மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மகளின் தலையைத் தட்டினார். மைத்துனனின் தோளைக் குலுக்கி, "மூணு மாடியாம், மூணு மாடி" என்று, அது ஏதோ அவன் செய்த தப்பு மாதிரி சிரித்தார். பிறகு குனிந்து, மிகுந்த மரியாதையோடு, மைத்துனன் கைக்குக் கீழேயிருந்து தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

மனைவியும் தன் தட்டை எடுத்துக்கொண்டாள். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். "ரெண்டே கோட்டிங். அதுவும் நான் தூக்கிப் பாத்து சரின்னு சொன்ன பிறகு" என்றாள்.

"மூணு" என்றார் அவர்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நமக்கும் ராக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம், நாம் உண்டு நம் வேலை உண்டு என்று இருக்கிறீர்கள். இருக்கட்டும், ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பது கோட்டிங் என்று படித்த இடத்தில் "ஐயோ பாவம்" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள், நிம்மதியாகப் போய் வேறு வேலையைப் பாருங்கள். "நானா இருந்தா பெயிண்ட்டே அடிச்சிருக்க மாட்டேன், வெறும் கலர் பேப்பர் ஒட்டியிருப்பேன்" என்று தோன்றியிருந்தால், கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் நான் தனியாகப் பேச வேண்டும்.