நம்பர் அழிந்துபோன மூன்று பிளக்குகள்

அன்பும் பொறுமையும் நிறைந்த என் அண்ணன் மகளுக்கு, அத்தை ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது.

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையிலும் சாயங்காலமும் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா? வேலை செய்யும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல். கடிதம் என்றால் நலம் விசாரித்து முடித்த பிறகுதான் விஷயத்தில் கை வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விசாரித்தாயிற்று. இனி விஷயம்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன் கண்ணு. ஆனா உங்கப்பா பக்கத்து ரூம்ல இருக்கார். நான் ரகசியம் பேசினா தெருமுனை வரைக்கும் கேட்கும்னு உங்க அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே, அதான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னது நியாயம்தான். அம்மா போனதுக்கப்புறம் அவர் அந்தக் காரைத் தொடவே இல்லை, வாசல்ல அது நிக்கிறதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு கஷ்டம், வித்துடலாம், உன்கூட வேலை பார்க்கிறவர் ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பார், 'நீங்க கார் ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பார்த்து வைங்க அத்தை'ன்னு சொன்னே. அந்த 'மட்டும்'லதான் நான் மாட்டிக்கிட்டேன். இன்னொண்ணையும் உன்கிட்ட இத்தனை நாள் சொல்லலை, நீ பயந்துடுவேன்னு. உங்கப்பா பேசுறதே இல்லை. சாப்பிட வாங்கண்ணேன்னா 'ம்'. உப்பு போதுமான்னா 'ம்'. மழை வருது, ஜன்னலைச் சாத்தட்டுமான்னா அதுக்கும் 'ம்'. ஒருநாள் பொறுக்க முடியாம, 'அண்ணே, அடுப்படியில தீப்பிடிச்சுக்கிச்சு'ன்னு கத்திப் பார்த்தேன். 'ம்'னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். நீ போன் பண்ணும்போது மட்டும் நாலு வார்த்தை பேசுறார் பாரு, அது பெத்த பாசம். அதுக்கப்புறம் மறுபடியும் வாயில பூட்டு.

சரி, நீ சொல்லிட்டியேன்னு தெருக்கோடி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். அவர் பேட்டரியைக் கழட்டிக்கொண்டுபோய் சார்ஜ் ஏத்தி, திரும்பக் கொண்டுவந்து மாட்டிட்டு சாவியைத் திருப்பினார். கார் கர்கர்னு இருமுதே தவிர பத்த மாட்டேங்குது. நான் என்ஜின் முன்னாடி கையைக் கூப்பி, கண்ணை மூடி, 'ஆண்டவனே, எங்க அண்ணன் மகள் வாக்குக் குடுத்துட்டா, நீதான் காப்பாத்தணும்'னு நின்னேன். அவர் ஓடி வந்து, 'என்னக்கா, தலை சுத்துதா? தண்ணி குடிக்கிறீங்களா?'ங்கிறார். அப்புறம் உள்ளேருந்து கட்டைவிரல் கனத்துக்கு மூணு சாமானைத் திருகி எடுத்தார். தலை பக்கம் பீங்கான், அடிப்பக்கம் திருகு, நுனியில அட்டக்கரி. 'ஸ்பார்க் பிளக்குக்கா. இது பொறி விட்டாத்தான் பெட்ரோல் பத்தும். நிறுத்தியே வெச்சதுல கரி பிடிச்சுப் போச்சு. இதைக் கடையில காட்டி இதே மாதிரி மூணு வாங்கி வைங்க, நான் வந்து மாட்டித் தர்றேன்'னு சொல்லிட்டுப் போனவர்தான். அவங்க தங்கச்சி வீடு மாத்துறாங்களாம், கட்டில் தூக்கப் போயிட்டார். தங்கச்சிக்காகப் போனவரை நான் எப்படிக் குறை சொல்ல?

இப்ப நீ திட்டக்கூடாது. கரிக்கட்டை மாதிரி இருக்கிற சாமானை நாலு பேர் நிக்கிற கடையில எப்படி வெளியில எடுக்கிறது? இந்த வீட்டுல பொம்பளைன்னு ஒருத்தி இருக்காளா இல்லையான்னு நினைக்க மாட்டாங்களா? அதனால பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு, கம்பி நாரை வெச்சு, மூணையும் நல்லா அழுத்தித் தேய்ச்சேன். வெள்ளை வெளேர்னு, பால் பல்லு மாதிரி வந்துச்சு. துடைச்சு, துணியில சுத்தி, பையில வெச்சுக்கிட்டுப் பெருமையாப் போனேன். கடைக்காரர் ஒண்ணை எடுத்து அப்படித் திருப்புறார், இப்படித் திருப்புறார், வெளிச்சத்துல காட்டுறார்.

'அம்மா, நம்பர் எங்கே?'

'எந்த நம்பர்?'

'பீங்கான்ல அச்சடிச்சிருக்குமே. அதை வெச்சுத்தானே எந்த பிளக்னு தெரியும்?'

கருப்பா ஏதோ எழுத்து இருந்துச்சு. அதுவும் கரின்னு நினைச்சு, அதுக்குன்னே கூடக் கொஞ்சம் பவுடர் போட்டுத் தேய்ச்சிருந்தேன். 'அழுக்கோட போயிடுச்சு தம்பி'ன்னேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என்ன வண்டின்னார், சின்ன காருன்னேன். என்ன மாடல்னார், வெள்ளைக் கலருன்னேன். எந்த வருஷம்னார், 'எங்க அண்ணன் மகள் காலேஜ் சேர்ந்தப்ப வாங்கினது, அவளுக்கு அப்ப அம்மை போட்டிருந்தது'ன்னேன். அவர் ஒரு டப்பா நிறைய பிளக்கைக் கொட்டிட்டார். கழுத்து நீளமானது, குட்டையானது, மூக்கு நீட்டினது, மூக்கு அமுங்கினது. போதாததுக்கு அதுல சூடு பிளக், குளிர்ச்சி பிளக்னு ரெண்டு ஜாதி வேற இருக்காம். 'எது வேணும்?'னு கேட்டார். எங்க அண்ணனுக்குச் சளி உடம்பு, குளிர்ச்சி ஒத்துக்காது, சூடானதே குடுங்கன்னேன். கழுத்துல நீளமானதாப் பார்த்து எடுத்தேன். அதே விலைக்குப் பெரிய சாமான், கடைக்காரர் நம்மளை ஏமாத்தலைன்னு ஒரு திருப்தி.

மெக்கானிக் வர்ற வழியைக் காணோம், ஞாயித்துக்கிழமை நெருங்குது. திருகுறதுதானே, எத்தனை பாட்டில் மூடி திருகின கை இதுன்னு நானே ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். முதல் பிளக்கை ஓட்டையில வெச்சு, ஆண்டவனை நினைச்சு ஒரு சுத்து சுத்தியிருப்பேன். வீட்டுக்குள்ளேருந்து ஒரு சத்தம்.

'ஏய்! திருகாதே! கையை எடு!'

கண்ணு, எனக்கு யார் குரல்னே அடையாளம் தெரியலை. திரும்பிப் பார்த்தா, உங்கப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, செருப்புகூடப் போடாம ஓடி வர்றார். வந்தவர் பிளக்கைப் பிடுங்கி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார்.

'அறிவிருக்கா உனக்கு? இவ்வளவு நீளத்தை உள்ளே விட்டா, பிஸ்டன் மேலே வரும்போது இடிச்சு என்ஜினே போயிடும்! யாரைக் கேட்டு இதை வாங்கினே? பழசு எங்கே?'

நான் அழுதுட்டேன். அவர் திட்டினதுக்கு அழறேன்னு நினைச்சு அவர் தணிஞ்சுட்டார், 'சரி சரி, இதுக்கெல்லாமா அழுவாங்க'ங்கிறார். திட்டுங்கண்ணே, இன்னும் திட்டுங்கன்னு சொல்லணும்போல இருந்துச்சு. பழைய பிளக்கை நீட்டினேன். அதைப் பார்த்தவர் அப்படியே படியில உட்கார்ந்துட்டார். தோள் குலுங்குது. ஐயோ, அண்ணனையும் அழ வெச்சுட்டோமேன்னு கிட்டே போனா, சிரிக்கிறார்!

'தேய்ச்சியா?'

'தேய்ச்சேண்ணே.'

'நம்பரையும்?'

'நம்பருன்னு தெரியாதுண்ணே.'

'அவளும் இப்படித்தான். வெயிலுக்குக் காயுதேன்னு ஒருநாள் டயர் நாலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வெச்சுட்டா. கார் தெரு முழுக்க வழுக்கிட்டுப் போச்சு.'

உங்க அம்மா பேச்சை அவர் இத்தனை மாசத்துல நேத்துத்தான் எடுத்தார். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசலை. அவரே சொல்லிக்கிட்டே இருந்தார். சிக்னல்ல பச்சை விழறதுக்கு முன்னாடியே 'போங்க போங்க'ம்பாளாம், லாரி எதிர்ல வந்தா கண்ணை மூடிக்கிட்டு இவர் தோளைப் பிடிப்பாளாம். சொல்லி முடிச்சுட்டு எழுந்து, சட்டை மாட்டி, தலை சீவி, 'வா, மாத்திட்டு வரலாம்'னு கிளம்பினார்.

நடந்தேதான் போனோம். வழியெல்லாம் பாடம். கழுத்து நீளம் சரியா இருக்கணும், திருகோட கனம் சரியா இருக்கணும், நுனியில இடைவெளி சரியா இருக்கணும். கடையில பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தார். கடைக்காரர் குட்டைக் கழுத்துல ரெண்டு வகை எடுத்து வெச்சு, சூடா குளிர்ச்சியான்னு மறுபடியும் கேட்டார். உங்கப்பா யோசிச்சுட்டு, 'நான் ஊருக்குள்ளேயே மெதுவா ஓட்டுறவன். கொஞ்சம் சூடானதே குடுங்க, அப்பத்தான் கரி தங்காம எரிஞ்சு போகும்'னார். நான் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் வேற வேலை இருக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டார்.

ஒண்ணு கவனிச்சியா? 'மெதுவா ஓட்டுறவன்'னார். ஓட்டினவன்னு சொல்லலை.

வந்து அவரே மாட்டினார். முதல்ல விரலாலேயே திருகணுமாம், முரண்டு பிடிச்சா விட்டுடணுமாம், கடைசியிலதான் ஸ்பேனராம். என்னை உள்ளே உட்கார வெச்சு சாவியைத் திருப்பச் சொன்னார். நான் கண்ணை மூடினேன். 'கண்ணைத் திறந்துட்டு வேண்டிக்க!'ன்னு கத்தினார். திருப்பினேன். ஒரே திருப்புல பத்திக்கிச்சு கண்ணு! தையல் மிஷின் மாதிரி சீரா ஒரு சத்தம். எதிர்வீட்டு டெய்லர் அம்மா ஜன்னல்லேருந்து கை தட்டினாங்க. உங்கப்பா பானட்டு மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்சநேரம் நின்னார்.

அப்புறம், 'ஞாயித்துக்கிழமைதானே வர்றாங்க?'ன்னு கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஆமாண்ணேன்னேன். துணியில கையைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டார். சாப்பிட வாங்கண்ணேன்னேன். 'ம்'.

நான் என்ன சொல்றது. நீ படிச்ச பொண்ணு, யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருப்பே. பெத்த அப்பன் நல்லா இருக்கணும்னுதானே இதைச் செய்யறே, எனக்குத் தெரியாதா. நான் வாக்குக் குடுத்தபடி கார் தயாரா இருக்கு. உன்கூட வேலை பார்க்கிறவரைத் தாராளமா வரச் சொல்லு. நான் நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். நீ நேரத்துக்குச் சாப்பிடவும். உங்கள் இருவருக்கும் ஆண்டவன் ஆயுளையும் ஆரோக்கியத்தையும் குறைவில்லாமல் கொடுத்து, கூடவே நின்று காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அத்தை

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், அதுக்குள்ள உங்கப்பா அடுப்படி வாசல்ல வந்து நின்னு, 'கார் கிளம்ப மாட்டேங்குது'ன்னார். நேத்து நல்லாத்தானே ஓடுச்சுண்ணேன்னேன். 'மூணாவது பிளக் சரியில்லை. சரியான பிளக் கிடைக்க நாளாகும். நாலு கடை ஏறி இறங்கணும். நீயும் வா, உனக்குத்தான் இப்ப பிளக் பத்தித் தெரியுமே'ங்கிறார். சட்டைப் பை துருத்திக்கிட்டு இருக்கு. மேலே வெள்ளைப் பீங்கான் எட்டிப் பார்க்குது, புது நம்பர் பளிச்சுன்னு தெரியுது. நான் பார்க்காத மாதிரி புடவையை மாத்தப் போயிட்டேன். உன்கூட வேலை பார்க்கிறவர் நல்லவரா இருப்பார், வேற கார் பார்த்துக்கச் சொல்லு. இதோட நிறுத்திக்கிறேன் கண்ணு, வாசல்ல விடாம ஹார்ன் சத்தம். கிளம்பாத காருக்குள்ள உட்கார்ந்துகிட்டு, நடந்து போறதுக்கு ஹார்ன் அடிச்சுக் கூப்பிடுறார் உங்கப்பா.