இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

கோயம்புத்தூர்,
திங்கட்கிழமை காலை.

சௌபாக்கியவதி தங்கை பத்மாவதிக்கு, பெருமாளையும் தாயாரையும் முன்னிட்டு அண்ணன் நரசிம்மலு எழுதும் ஆசிகள். இங்கு யாவும் நலம். அங்கே சத்தியமங்கலத்தில் உன் இருமல் தணிந்திருக்கும் என்றும், மாப்பிள்ளை லட்சுமணசாமியின் பொறுமை தணியாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன்.

அடுத்த வியாழக்கிழமை உன் வலது நுரையீரலிலுள்ள கட்டியை அகற்றியாக வேண்டும். அது காத்திருக்காது. "நீங்க செஞ்சாத்தானுங்ண்ணா மேசை மேல படுப்பேன், இல்லாட்டி கட்டி அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு உணவு இறங்கவில்லை. அறுவை மருத்துவத்திலிருந்து நான் ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உன் அறுவையைச் செய்யவிருக்கும் டாக்டர் பிரத்யுஷாவோ இதில் தேர்ந்தவள். முடிவில், குலதெய்வத்திடம் பூக் கேட்போம் என்றாய்: பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளை வந்தால் பிரத்யுஷா, சிவப்பு வந்தால் நான். ஒப்புக்கொண்டு நேற்று கருமத்தம்பட்டிக்குப் போனேன். வெள்ளைக்கு ஒன்றும் சிவப்புக்கு ஒன்றுமாக வைக்க வேண்டிய இரண்டு பொட்டலங்களையும் நானே கட்டினேன். நாற்பது ஆண்டுகள் நெஞ்சைத் திறந்து மூடியவன், எதையும் தற்செயலுக்கு விட்டுப் பழகாதவன். ஆகவே இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துவிட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் நின்ற கருப்பாத்தாள் என்னும் மூதாட்டி, சாமி பூ வீணாகக் கூடாதென்று மற்றதையும் பிரித்துவிட்டாள்.

"ஏனுங்க பூசாரி, இதுலயும் வெள்ளைதானுங்க!"

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரே, சாமிகிட்டக் கேக்க வந்தீங்களா, சொல்லிப்போட்டுப் போக வந்தீங்களா?"

கோயிலே சிரித்தது. "வேற கட்டித் தாரனுங்க, மறுக்காக் கேளுங்க" என்றார். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வதென்ற அச்சத்தில் காரில் ஏறி ஓடிவந்துவிட்டேன். செருப்பு அங்கேயே கிடக்கிறது.

ஆகவே பூ ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கேள். சட்டைப் பொத்தானைப் போடவே என் விரல்கள் இப்போது மூன்று முறை தவறுகின்றன. இது ஊராருக்குச் சொல்லும் காரணம். மற்றது உனக்கு மட்டும். நான் திறந்த நெஞ்சங்கள் யாவும் எனக்கு அந்நியம். அவற்றினின்று எழும் குரலை நான் அறியேன், அதனால்தான் கை நடுங்காமல் வெட்டினேன். உன் கதை வேறு. அறுபத்தெட்டு ஆண்டுகளாகப் பாசுரம் பாடியதும் இடையிடையே என்னை ஏசியதும் அந்த மூச்சுதான். அதன்மேல் கத்தி வைக்க எனக்குத் துணிவில்லை, அம்மணி. பிரத்யுஷாவுக்கு நீ வெறும் வலது நுரையீரல். அதுவே உனக்கு க்ஷேமம்.

வியாழனன்று நான் மருத்துவமனைப் பக்கமே வர மாட்டேன். அறுவை அரங்கின் வாசலில் நிற்கும் உறவினரைப் போன்ற தொல்லை வேறில்லை. எத்தனையோ அண்ணன்மார்களை நானே கேன்டீனுக்கு விரட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்தே பாராயணம் செய்வேன். இது உறுதி.

திருமகள் கேள்வன் உன் ஒவ்வொரு மூச்சுக்கும் காவலிருப்பானாக. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நரசிம்மலு

பி.கு.: மேலே 'உறுதி' என்றதை அடித்துவிடு. பிரத்யுஷாவிடம் இப்போதுதான் பேசினேன். நீ மயங்கும்வரை தலைமாட்டில் நான் நிற்கலாமாம். நிபந்தனை இரண்டு: வாய் திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. முதலாவதற்குச் சம்மதித்துவிட்டேன். இரண்டாவதில் உன் கைக்கு மட்டும் விலக்குத் தரும்படி மன்றாடிக்கொண்டிருக்கிறேன். நீ படு, அம்மணி. நான் நிற்கிறேன்.