இந்தக் கதையில நீங்க யாரு?

மனிதரில் படிப்பினைக்காரர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். பார்த்த கையோடு உங்களிடமிருந்து ஒரு படிப்பினையும் எடுத்திருப்பார்.

எங்கள் கட்டடத்துப் படிப்பினைக்காரரைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஜெபத்தில் மனசு உறுத்தும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது, விடிகிற நேரத்தில் எங்கள் கதவுக் கைப்பிடியில் பாலும் ரொட்டியும் தொங்கும். யார் வைத்தது என்றே தெரியாது. ஒருநாள் சட்டென்று கதவைத் திறந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல் படியிறங்கிக்கொண்டிருந்தார் இவர். என்னைக் கண்டதும் திருடனாட்டம் விழித்தார். வாய் திறக்காமல் ஓடியே போனார். அவர் வாய் திறக்காமல் போனதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மற்ற நாளெல்லாம்? ஐயோ!

தொழில் முடிதிருத்துவது. தெருமுனையில் சொந்தமாக ஒரு சலூன். சுவிசேஷக் கதை அத்தனையும் மனப்பாடம். எதைக் கண்டாலும் ஒரு கதை, கதைக்கு ஒரு படிப்பினை, படிப்பினையின் வாலில் ஒரு கேள்வி: "இந்தக் கதையில நீங்க யாரு?" உங்கள் சட்டைப் பொத்தான் தொலைந்தால், வெள்ளிக்காசைத் தேடி வீட்டைப் பெருக்கிய பெண் வருவாள், பல்பு ஃபியூஸ் போனால், எண்ணெய் கொண்டுபோகாத கன்னிகைகள் ஐந்து பேரும் வருவார்கள், பாத்திரம் கழுவினால் நீங்கள் மார்த்தாள், கழுவாமல் உட்கார்ந்தால் மரியாள், பரணில் ஏறிப் பெட்டியை எடுத்தால் மரமேறிய சகேயு. சரி, சும்மா படுத்துக் கிடந்தாலாவது விடுவாரா? கல்லறையில் கிடந்த லாசரு!

ஒருமுறை லாரி ஓட்டுநர் முகச்சவரத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நம் ஆள் தலை வெட்டப்பட்ட யோவான்ஸ்நானன் கதையை எடுத்தார். "இந்தக் கதையில நீங்க யாரு தம்பி?" பாதி முகத்துச் சோப்போடு எழுந்து ஓடியவர்தான், அன்றுமுதல் தாடி வளர்க்கிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தையல்காரர் மகளின் கல்யாணம்வரை நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

தையல்காரர் குடியிருந்தது நாலாவது மாடி. மகளின் கல்யாண உடையைத் தன் கையாலேயே தைத்து முடித்தவர், அது கசங்காமலிருக்க உயரத்தில் மாட்டப்போய், ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடைவரை மாவுக்கட்டு. கல்யாணத்தன்று காலையில் லிஃப்டும் படுத்துக்கொண்டது. பெண் கோயில் வாசலில் நிற்கிறாள். அவளை உள்ளே அழைத்துப்போக அப்பா வரவேண்டும். அடுத்த கல்யாணக்காரர்கள் வேறு வந்து காத்திருக்கிறார்கள். இரண்டாம் மணி அடிப்பதற்குள் அப்பா வராவிட்டால் தாய்மாமன் அழைத்துப்போகட்டும் என்று போதகர் சொல்லியனுப்பிவிட்டார்.

"அவன் கூட்டிட்டுப் போகக்கூடாது," என்று தையல்காரர் கண்கலங்கினார். "மழையில ஒரு தடவை குடை குடுத்ததையே என் மச்சான் இன்னும் சொல்லிக்காட்டுறான். இதையும் சொல்ல ஆரம்பிச்சா நான் எங்க போய் நிப்பேன்? நிக்கிறதுக்குக் காலும் இல்ல."

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். காலுக்கு ஒருவராக லாரி ஓட்டுநர், ரொட்டிக்கடைக்காரர், தையல்காரரின் மனைவி, நான். படிப்பினைக்காரர் கையை வீசிக்கொண்டு முன்னால் இறங்கினார். ஒரு மாடி இறங்கியதும் திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நான் நாற்காலிக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லுங்க, நில்லுங்க! நாலு பேரு கைகால் வராத ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கிட்டு வந்து, கூரையைப் பிரிச்சு ஆண்டவர் முன்னால இறக்கினாங்களே! அப்படியே இருக்கே!"

நின்றோம். சுவிசேஷத்தைச் சொல்லும்போது நகர்வது பாவம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். நின்ற இடம் மூன்றாம் மாடித் திருப்பம்.

"நாலு பேருங்கிறது நாலு குணம்," என்று தொடங்கினார். "லாரித் தம்பி, நீங்க விசுவாசம். ரொட்டிக்கடைத் தம்பி, நீங்க நம்பிக்கை. தங்கச்சி, புருஷனைத் தூக்குறீங்க, நீங்க அன்பு. நாலாவது..." என் பக்கம் திரும்பி நெற்றியைத் தேய்த்தார். "வேதத்துல மூணுதானே இருக்கு, நாலாவது என்ன?"

"அண்ணே, கை நழுவுது!" என்றது விசுவாசம்.

"நடந்துக்கிட்டே யோசிக்கலாமே," என்றது நம்பிக்கை.

"நாலாவது பொறுமை," என்று பல்லைக் கடித்தார் நாற்காலியிலிருந்த தையல்காரர். "அது எனக்கு எப்பவோ தீர்ந்துபோச்சு. வழியை விடுங்க!"

"அந்தக் கதையில திமிர்வாதக்காரன் வாயே திறக்கல," என்றார் படிப்பினைக்காரர், கண்டிப்பாக.

தையல்காரரின் மனைவியும் அதுவரை வாய் திறக்கவில்லை. அன்பு அல்லவா? இப்போது மூச்சிரைக்கக் கேட்டார். "அண்ணே, ஊர்ல ஒருத்தரை விடாம நீங்க யாரு, நீங்க யாருன்னு கேக்குறீங்களே. இந்தக் கதையில நீங்க யாரு?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தூக்கியவர்கள் நாலு பேர். படுக்கையில் ஒருவர். அப்புறம், உள்ளே போகவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டம்... குனிந்து தான் நிற்கிற இடத்தைப் பார்த்தார். படியின் நட்டநடுவே, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, ஓர் எறும்புகூடப் போக இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

மணிக்கயிற்றைப் பிடித்தாயிற்று என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

படிப்பினைக்காரர் ஏறி வந்தார். தையல்காரரின் மனைவியை மெல்ல விலக்கி, அவர் பிடித்திருந்த நாற்காலிக் காலைத் தான் பிடித்துக்கொண்டார். அதன்பின் மூன்று மாடி, ஒரு தெரு. வாங்கிய மூச்சில் கதை சொல்ல எங்கே வழி?

கோயில் வாசலில் தாய்மாமன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை வளைத்துத் தயாராக நின்றிருந்தார். பெண் எங்களைக் கண்டதும் அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தாள். மணி அடித்தது. நாலு பேர் சுமக்க, மகளை அழைத்துக்கொண்டு அப்பா உள்ளே போனார். யாருடைய கூரையையும் பிரிக்க வேண்டி வரவில்லை, ஸ்தோத்திரம்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வாசிக்கும்போதே, "எங்க மாமாவுக்கு இது சரியான பாடம், அவருக்கு வாசிச்சுக் காட்டணும்" என்று உங்கள் மனசு ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால், போய்க் கண்ணாடியைப் பாருங்கள். இந்த நோய் ஒருவரை விட்டால் நாலு பேரைப் பிடிக்கிற ஜாதி. எப்படித் தெரியும் என்கிறீர்களா?

மகன் வீட்டோடு போய்விடுவதென்று படிப்பினைக்காரர் வீட்டைக் காலிசெய்த அன்று, பீரோ வாசலில் சிக்கிக்கொண்டது. ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து அவர் நிற்கிறார். கட்டடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி நிற்கிறது. ரொட்டிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, சீஷருங்களை அனுப்பும்போது ஆண்டவர் ஒரு பைகூட எடுத்துட்டுப் போகவேணாம்னாரு. நீங்க பீரோவோட போறீங்க. இதுல நமக்கெல்லாம் ஒரு படிப்பினை இருக்கு பாருங்க..."

ஆமாம், ஆமாம் என்று நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

"இருக்கும் தம்பி," என்றார் அவர், பீரோவுக்கு அடியிலிருந்து. "படிப்பினை எங்கயும் ஓடிடாது. நீங்க முதல்ல இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."